துணியைப் பிடுங்காதீர்கள்: மும்பைத் தெருப்பிள்ளைகளின் போதைப் பழக்கமும் சமூகப் பணியாளரும்

கேள்வி: தாராவியிலும் தாதர், குர்லா நிலையங்களிலும் தமிழ்ப் பிள்ளைகளிடையே வேலை செய்ய வந்திருக்கும் சமூகப் பணி மாணவி கேட்கிறார்: "பையன்கள் துணியில் வைட்னர் (எழுத்துப் பிழையை மறைக்கப் பூசும் வெள்ளைத் திரவம்) ஊற்றி இழுக்கிறார்கள். அறிவுரை சொன்னால் சிரிக்கிறார்கள். போதை மீட்பு மையத்தில் சேர்த்தால் ஒரு வாரத்தில் பிளாட்பாரத்துக்கே வந்துவிடுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?"

பதில்:

போதையிலிருந்து தொடங்காதீர்கள். அந்தத் துணி அந்தப் பையனுக்கு ஒரு நாளில் என்னென்ன வேலை செய்துகொடுக்கிறது என்று பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். அது பசியை அமுக்குகிறது. மழைக்கால இரவில் ஈரத் தரையில் தூக்கம் வரவைக்கிறது. பல்வலியையும் காலில் சீழ் பிடித்த புண்ணையும் மரத்துப்போக வைக்கிறது. குப்பையில் கைவிடும்போது வரும் அருவருப்பையும், இரவில் பெரிய பையன்களிடம் மாட்டிக்கொள்ளும் பயத்தையும் குறைக்கிறது. கூட்டத்தில் ஒருவனாக இருக்க அதுதான் நுழைவுச்சீட்டு. இத்தனையையும் செய்யும் ஒன்றை "விட்டுவிடு" என்றால் அவன் சிரிக்கத்தான் செய்வான். மாற்றாக ஒன்றை அவன் கையில் வைத்த பிறகுதான் துணியைக் கீழே வைக்கச் சொல்ல முடியும்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள். "சொலூசன்" என்று பையன்கள் சொல்வது வைட்னராக இருக்கலாம், தின்னராக இருக்கலாம், சைக்கிள் பஞ்சர் ஒட்டும் பசையாக இருக்கலாம், செருப்பு, தோல் பை ஒட்டும் பசையாகவும் இருக்கலாம். தாராவியில் இந்தக் கடைசி வகை தனிக் கவனம் கேட்பது. தோல் பட்டறைகளில் அது வேலைச் சாமான். பையன் நாள் முழுக்க அந்த வாடையில்தான் உட்கார்ந்திருக்கிறான். பட்டறை வேலையை மாற்றாமல் பழக்கத்தை மாற்றப் பார்ப்பது வீண். இவற்றில் பெரும்பாலும் இருப்பது டொலுயீன் என்ற கரைப்பான். சில பசைகளில் ஹெக்சேன். 2019இல் வெளியான மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் ஆய்வில், பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாகக் காணப்பட்ட ஒரே போதை வகை இந்த முகரும் பொருள்கள்தான்: 10 முதல் 17 வயதில் 1.17%, பெரியவர்களில் 0.58%. தெருவில் இருப்பவர்களிடம் அது இன்னும் கூடுதலாக இருக்கும் என்று சொல்ல ஆய்வு வேண்டியதில்லை.

முகரும் பொருளோடு வேறு என்ன கலந்திருக்கிறது என்பதையும் கேட்டறியுங்கள். மும்பையில் "பட்டன்" என்றால் பெரும்பாலும் நைட்ராசெபாம் தூக்க மாத்திரை. அதைத் தினமும் விழுங்கி வந்தவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். அவனை நீங்களே வைத்துக்கொண்டு நிறுத்த வைக்கக் கூடாது, மருத்துவர்தான் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். தினமும் குடிக்கும் பிள்ளைக்கும் இதேதான். பிரவுன் சுகர் (கலப்பட ஹெராயின்) என்றால் நிறுத்திய மறுநாளே உடம்பு முறிவது போன்ற வலி, வயிற்றுப்போக்கு, மூக்கொழுகல். மருந்து இல்லாமல் தாங்க மாட்டான், ஓடிவிடுவான். வைட்னருக்கு மட்டும் தனி மருந்து கிடையாது. எரிச்சல், தலைவலி, குமட்டல், தூக்கமின்மை சில நாள்கள் இருந்து தணியும். ஆகவே "எதை இழுக்கிறான்" என்பதற்கு விடை தெரியாமல் எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை. இழுத்துக்கொண்டிருக்கும் பையனைத் துரத்தாதீர்கள், அதட்டாதீர்கள், கையிலிருந்து துணியைப் பிடுங்காதீர்கள். டொலுயீன் போன்ற கரைப்பான்கள் இதயத்தை அட்ரினலினுக்கு மிகை உணர்வுள்ளதாக்கி வைக்கும். அந்த நேரத்தில் பயந்து ஓடினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி அங்கேயே விழுந்து இறக்கலாம். முதல் தடவை இழுத்தவனுக்குக்கூட இது நேரலாம். ரயில்வே போலீசாரிடமும் நிலைய ஊழியர்களிடமும் இதை நேரில் போய்ச் சொல்லுங்கள். லத்தியோடு துரத்துவது அங்கே வழக்கமாக இருந்தால், அது ஏன் உயிராபத்து என்று புரியவைப்பதே உங்கள் முதல் மாத வேலைகளில் ஒன்று.

மயங்கிக் கிடந்தால் காற்றோட்டமான இடத்துக்கு நகர்த்தி, ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். துணியையும் பாட்டிலையும் தள்ளி வையுங்கள். அருகில் பீடி, தீக்குச்சி எதுவும் எரியக் கூடாது, அந்த ஆவி தீப்பிடிக்கும். நினைவில்லாதவனுக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கி, 108ஐ அழையுங்கள். தாராவிப் பக்கம் என்றால் சயான் மருத்துவமனை அருகில். எதை இழுத்தான் என்று காட்டப் பாட்டிலை மூடி எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்தது அணுகுதல். இருவராகப் போங்கள், வாரத்தில் அதே நாள்கள், அதே நேரம், அதே இடம். முதல் மூன்று நான்கு வாரம் போதை பற்றி நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம். கையில் புண் கட்டும் பெட்டி, குடிதண்ணீர், சீட்டுக்கட்டோ கேரம் போர்டோ இருக்கட்டும். காசு கொடுக்காதீர்கள், அது மாலையில் எங்கே போகும் என்று தெரிந்ததே. ஒவ்வொரு இழுப்பின் போதையும் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடும், அதனால்தான் திரும்பத் திரும்ப இழுக்கிறார்கள். பேச ஏற்ற நேரம் காலையில் எழுந்தவுடன், முதல் இழுப்புக்கு முன். இல்லையென்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. இரவு ஒன்பது மணிக்குக் கிறக்கத்தில் இருப்பவனிடம் வாங்கும் சத்தியத்துக்கு மதிப்பில்லை. அவனுக்கே காலையில் நினைவிருக்காது.

தமிழ்ப் பிள்ளைகளிடம் ஒரு நுணுக்கம் உண்டு. கூட்டத்தின் மொழி பம்பாய் இந்தி. எல்லார் முன்னாலும் நீங்கள் தமிழில் பேசினால் அவனைத் தனியாகப் பிரித்துக் காட்டியதாகிவிடும். சிலர் "தமிழ் தெரியாது" என்றே சொல்லிவிடுவார்கள். புண் கட்டும்போது, தனியாக நடக்கும்போது, "வலிக்குதாடா தம்பி, எப்போ சாப்பிட்ட?" என்று மெல்லக் கேளுங்கள். ஊர் கேட்டால் முதலில் பொய்தான் வரும். "சென்னை" என்பான். பேச்சு விழுப்புரத்துப் பேச்சா, திருநெல்வேலிப் பேச்சா என்று உங்கள் காது சொல்லும். கேட்டதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த இடத்திலேயே பொய்யை உடைக்காதீர்கள். பெயரை ஒளித்து வைப்பது தெருவில் அவனுக்கு இருக்கும் சில பாதுகாப்புகளில் ஒன்று.

கொஞ்சம் பழகிய பிறகு அவனோடு உட்கார்ந்து அவனுடைய 24 மணி நேரத்தைத் தரையில் சாக்பீஸால் வரையுங்கள். எத்தனை மணிக்கு எழுகிறான், எங்கே பொறுக்குகிறான், எந்தப் பங்கார் (பழைய சாமான்) கடையில் போடுகிறான், எப்போது சாப்பிடுகிறான், யாரோடு, எங்கே தூங்குகிறான். பிறகு ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கல் வைக்கச் சொல்லுங்கள். கற்கள் ஒரே சீராகப் பரவி இருக்காது. பலருக்கு இரண்டு மூன்று இடத்தில் குவியும்: மதியப் பசி நேரம், காசு கைக்கு வந்த சாயங்காலம், தூங்கப் போகும் முன். அந்தக் குவியல்கள்தான் நீங்கள் வேலை செய்ய வேண்டிய இடங்கள். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை?" என்று கேட்டால் ஒருபோதும் கிடைக்காத விவரம் இதில் அரைமணியில் கிடைக்கும்.

மதியக் குவியலுக்கு மருந்து அந்த நேரத்தில் சோறு. காலை பத்து மணிக்கு நீங்கள் கொடுக்கும் பிஸ்கட் இரண்டு மணிப் பசிக்கு உதவாது. தூக்கத்துக்கு முன்னுள்ள குவியலைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இரவில் போலீஸ், பெரிய பையன்கள், திருடர்கள் என்று பயந்து அரைத் தூக்கம் தூங்கும் பிள்ளைக்குப் பகலில் பயமில்லாமல் நான்கு மணி நேரம் படுக்க ஓரிடம் கிடைத்தாலே இழுப்பு குறையும். பகல்நேர மையங்கள் வகுப்பு, பாட்டு, ஓவியம் என்று அட்டவணை போட்டு, தூங்குகிறவனை எழுப்பிவிடுவது பெருந்தவறு. தூங்க விடுங்கள். குளிக்கத் தண்ணீர், துவைத்த சட்டை, பூட்டு போட்ட ஒரு சின்னப் பெட்டி, பாய். தொடக்கத்துக்கு இவை போதும். வாசலில் ஒரே விதி: துணியும் பாட்டிலும் உள்ளே வரக் கூடாது. போதையில் வந்தாலும் அவனை விரட்டாதீர்கள், ஓரமாகப் படுக்க வையுங்கள்.

சாயங்காலக் குவியலின் காரணம் காசு. தெருவில் தூங்குகிறவன் காசைச் சேர்த்து வைக்க முடியாது. இரவில் யாராவது பறித்துவிடுவார்கள். ஆகவே சம்பாதித்த அன்றே செலவழிப்பதுதான் அவன் நிலையில் புத்திசாலித்தனம், அப்போது எளிதில் கிடைப்பது சொலூசன். இதை ஒழுக்கக்கேடு என்று பார்க்கிறவர்கள் பாதி விஷயத்தைத் தவறவிடுகிறார்கள். மாலையில் மையத்தில் ஒரு சேமிப்பு நோட்டுப் போடுங்கள், தினமும் அவன் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள், கேட்ட அன்றே திருப்பிக் கொடுங்கள். ஒரு நாள் "நாளைக்கு வா" என்றால் நம்பிக்கை போயிற்று. டெல்லியில் பட்டர்ஃபிளைஸ் அமைப்பு பிள்ளைகளே நடத்தும் சேமிப்புக் கசானாவை (பெட்டகத்தை)ப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. அந்த முறையைப் படித்துப் பாருங்கள். பங்கார்க்காரர் காசுக்குப் பதில் சொலூசனே கொடுத்துவிடுகிற இடமாக இருந்தால் அது தனிப் பிரச்சினை, கீழே வருகிறேன்.

முழுதாக நிறுத்த ஒப்புக்கொள்ளும் வரை ஆபத்தையாவது குறைக்கலாம். தனியாக இழுக்காதே. பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்க்காதே, மூச்சு முட்டும். இழுத்துக்கொண்டே பீடி பற்றவைக்காதே. தண்டவாளத்தின் பக்கமோ உயரத்திலோ இழுக்காதே. மும்பையில் இந்தப் பிள்ளைகளை ரயில் அடிப்பதில் தள்ளாட்டத்துக்குப் பங்குண்டு. அன்றைய முதல் இழுப்பை ஒரு மணி நேரம் தள்ளிப்போடு. இந்தக் கடைசி ஒன்று சின்னதாகத் தெரியும், ஆனால் நிறுத்துவதற்கான முதல் பயிற்சி அதுதான். எட்டு மணிக்கு இழுத்தவன் பதினொரு மணி வரை தாங்கினால், தன்னால் முடியும் என்பதை அவனே கண்டுகொள்கிறான்.

உடலைப் பார்க்க வேண்டிய சில அடையாளங்கள்: வாயையும் மூக்கையும் சுற்றிச் சிவந்த தடிப்பு, நடையில் தள்ளாட்டம், கைநடுக்கம், கால் மரத்துப்போதல், படியேற முடியாத பலவீனம். ஹெக்சேன் நரம்புகளைக் கெடுக்கும். டொலுயீன் சிறுநீரகத்தைப் பாதித்துப் பொட்டாசியத்தைக் குறைக்கும். "கை கால் தூக்கவே முடியல அக்கா" என்று ஒரு பையன் சொன்னால் அது சோம்பல் அல்ல, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம். இரத்தத்தில் பொட்டாசியம், சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனை, இதயத்துடிப்புப் பதிவு ஆகியவற்றை மருத்துவரிடம் கேட்டுச் செய்ய வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய்ப் பரிசோதனை.

இனிச் சட்டம். இதில் தயங்குகிறவர்கள் அதிகம், காரணம் புகார் கொடுத்தால் பையன் நம்பிக்கை இழப்பான் என்ற பயம். ஆனால் இளைஞர் நீதிச் சட்டம் 2015இன்படி, ஆதரவில்லாமல் தனியாக இருக்கும் பிள்ளையைக் கண்டவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் (32ஆம் பிரிவு), தெரிவிக்காதது குற்றம். போதைக்கு இழுக்கப்படும் நிலையில் இருக்கும் பிள்ளையும் "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை" என்ற வரையறைக்குள் வருகிறது. ஆகவே ஒளித்துச் செய்யாதீர்கள். களப்பணியைத் தொடங்கும்போதே குழந்தைகள் நலக் குழுவுக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் எழுத்தில் கொடுங்கள். எந்த நிலையம், எந்த நாள்கள், எத்தனை பிள்ளைகள் என்று. ஏற்கெனவே தெருவில் ஊறிப்போன பிள்ளைகளைத் திறந்தநிலை இல்லத்தின் (தெருப்பிள்ளைகள் குறுகிய காலம் தங்கும் இடம்) வழியாகப் படிப்படியாகக் கொண்டுவரக் குழுவின் ஒப்புதலைக் கேளுங்கள்; 43ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. புதிதாக ரயிலில் வந்து இறங்கியவன் விஷயத்தில் மட்டும் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். நிலையத்தின் குழந்தைகள் உதவி மேசை, அல்லது குழந்தைகள் உதவி எண் 1098. 1996இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களத்திட்டமாகப் பிறந்த அந்த எண் இப்போது அரசின் பொறுப்பில் இயங்குகிறது. தாதரிலோ குர்லா டெர்மினஸிலோ இறங்கியவன் கையில் துணி வர அதிக நாள் ஆகாது.

மீட்பு மையத்துக்கு அனுப்பினால் ஏன் திரும்பி வருகிறார்கள்? பெரும்பாலான மையங்கள் பெரியவர்களுக்கானவை. குடிநோயாளிகளான ஆண்களோடு 12 வயதுப் பையனைப் படுக்க வைத்தால் அங்கே அவன் கற்பது வேறு, படுவது வேறு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 87ஆம் பிரிவின்படி, மனநல நிலையத்தில் சேர்க்கப்படும் சிறாரைப் பெரியவர்களிடமிருந்து தனியே வைக்க வேண்டும், உடன் ஒருவர் தங்க வேண்டும். பெற்றோர் இல்லாத பிள்ளைக்கு அந்த "உடன் ஒருவர்" யார் என்பதைச் சேர்க்கும் முன்பே குழுவின் ஆணையில் எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் மருத்துவமனை வாசலில் தாளோடு நிற்பீர்கள். இரண்டாவது காரணம், வெளியே வரும் நாளின் இரவு எங்கே தூங்குவான் என்று யாரும் முடிவு செய்யாதது. படுக்கை உறுதியாகாமல் சேர்க்காதீர்கள். இல்லத்திலோ பாதுகாப்பான உறவினர் வீட்டிலோ இடம் முடிவான பிறகு தேதி குறியுங்கள். இதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்.

நிறுத்திய முதல் மூன்று நாள் தூக்கமும் சோறும்தான் வேலை. வயிறு சுருங்கிப் போயிருக்கும். கஞ்சி, இட்லி, தயிர்ச்சோறு என்று சிறிது சிறிதாக, அடிக்கடி. நான்காம் நாளிலிருந்து எரிச்சலும் சண்டையும் வரும், அது கெட்ட குணம் என்று தண்டித்துவிடுவார்கள். உடம்பை அலுக்க வைக்கும் விளையாட்டு, குறுகிய வேலைகள், ஒரே ஆள் எப்போதும் பக்கத்தில். நினைவாற்றலும் கவனமும் மந்தமாக இருக்கும் என்பதால் உடனே பள்ளியில் போடாதீர்கள். 15 நிமிடப் பாடத்தில் தொடங்குங்கள். நகப்பூச்சு, பெயின்ட், பெட்ரோல் வாடை ஆசையைக் கிளப்பும். இல்லத்துக்கு வெள்ளையடிக்கும் வாரத்தில் புதிதாக நிறுத்தியவனை அங்கே வைக்காதீர்கள். நிறுத்தி ஓராண்டுகூட ஆகாத பையனை "முன்னுதாரணம்" என்று பழைய பிளாட்பாரத்துக்குக் களப்பணிக்கு அனுப்புவதும் கொடுமை.

பெண் பிள்ளைகள் கண்ணில் படுவது குறைவு. அவர்கள் இழுப்பது குறைவு என்று அர்த்தமில்லை. அவர்களோடு பெண் பணியாளர்தான் பேச வேண்டும். பாலியல் வன்முறை தெரியவந்தால் போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும்) சட்டப்படி போலீசில் தெரிவிப்பது கட்டாயம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று முன்கூட்டி வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், கொடுத்தால் உடைக்க வேண்டிவரும். ஆண் பிள்ளைகளிடமும் இதே கேள்வி இருக்கிறது, கேட்பவர்கள்தான் குறைவு. கருவுற்றிருந்தால் டொலுயீன் சிசுவையும் கெடுக்கும்.

கடைகள். பாட்டிலில் வைட்னர், தின்னரைச் சில்லறையாக விற்பதை மத்திய அரசு 2012இல் தடை செய்தது, பேனா வடிவில் மட்டும் அனுமதி. ஆனால் பஞ்சர் பசைக்கும் தோல் பசைக்கும் அந்தத் தடை பொருந்தாது. பிள்ளைக்கு மதுவோ புகையிலையோ போதை மருந்தோ கொடுத்தால் இளைஞர் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும். பிள்ளையை வைத்துப் போதைப்பொருள் கடத்தினால் 78ஆம் பிரிவில் அதே அளவு. தாராவி 90 அடி சாலைப் பக்கம் கடைக்காரர்களில் தமிழர் பலர். முதலில் அண்ணாச்சியிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள்: சிறுவர்க்கு விற்க வேண்டாம், கல்லாவுக்குப் பின்னால் வையுங்கள் என்று. எடுத்தவுடன் போலீசோடு போனால் விற்பனை மறைவிடத்துக்குப் போகும், விலை ஏறும், பிள்ளை பட்டனுக்கு மாறுவான். ஆனால் சொலூசனையே கூலியாகக் கொடுக்கும் பங்கார்க்காரரிடம் பேச்சுவார்த்தை வேண்டாம்; நேராகக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் போலீசுக்கும் எழுதுங்கள்.

குடும்பம் ஊரில் இருந்தால், பையன் "அம்மா" என்று அழுதான் என்பதற்காக அடுத்த ரயிலில் ஏற்றிவிடாதீர்கள். அப்பாவின் குடி, மாற்றாந்தாய், கடன், பள்ளியில் அடி என்று அவனை ஓடவைத்தது எதுவோ அது அங்கேயே இருக்கும். அந்த மாவட்டத்துக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக வீட்டு விசாரணை அறிக்கை வாங்கி, இளைஞர் நீதிச் சட்டத்தின் 95ஆம் பிரிவின்படி அங்குள்ள குழந்தைகள் நலக் குழுவுக்கு மாற்றுங்கள். அதற்கு முன் அம்மாவோடு வாரம் ஒருமுறை போனில் பேச வையுங்கள். தாராவியிலேயே வீடு இருந்து, பகலில் தெருவில் திரியும் பிள்ளைகளின் கதை வேறு; அங்கே அம்மா வீட்டுவேலைக்குப் போகும் நேரத்துக்கு ஓரிடமும் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் மறுசேர்க்கையும் கிடைத்தாலே பாதி வேலை முடியும். வீட்டில் குடிக்கிறவர் இருந்தால் அவரை 14446 என்ற தேசிய இலவச உதவி எண்ணோடு இணைத்துவிடுங்கள்.

பதிவேட்டில் "விட்டான் / விடவில்லை" என்று இரண்டே கட்டம் போடாதீர்கள். முதல் இழுப்பின் நேரம், இழுக்காமல் இருந்த மணி, சாப்பிட்ட வேளை, கூரைக்குக் கீழே தூங்கிய இரவு, சேமிப்பு. இந்த ஐந்தையும் வாரம் ஒருமுறை குறியுங்கள். மறுபடி இழுத்துவிட்டு வருகிறவனிடம் கேட்க வேண்டியது "ஏன்டா?" அல்ல, எந்த நேரம், யாரோடு, அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்பவை. விடையைப் பழைய சாக்பீஸ் படத்தில் அவனையே குறிக்கச் சொல்லி, அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் புதிய ஏற்பாடு செய்யுங்கள். நன்கொடையாளர் கேட்கும் அறிக்கையிலும் இந்த ஐந்தையே கொடுங்கள், எத்தனை பேரை "மீட்டோம்" என்ற எண்ணிக்கையைக் கொடுக்காதீர்கள். அந்த எண்ணுக்காகத்தான் படுக்கை உறுதியாகாத பிள்ளைகளும் மையத்துக்கு அனுப்பப்படுகிறார்கள்.